ஒரு இஞ்ச் செயினை விட்டுக்கொடுக்காத டிராக் சைக்கிள்

கைக்கு வந்தபோது அது ஒரு ஃப்ரேம், இரண்டு சக்கரம், ஒரு தகர டப்பா, அவ்வளவுதான். ஃப்ரேம் முழுக்க யாரோ கதவுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்ட்டைப் பிரஷ்ஷால் பூசியிருந்தார்கள். டப்பாவுக்குள் துருவேறிய நட்டுகளுக்கும் பால்ரஸ் குண்டுகளுக்கும் நடுவே ஒரு செயின் இரண்டு துண்டாகக் கிடந்தது. அதைத் துடைத்து ஸ்கேலை வைத்துப் பார்த்தபோதுதான் இது வழக்கமான ஓவராயிலோடு முடிகிற வேலை இல்லை என்று புரிந்தது. நாம் அறிந்த சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. இதிலோ பல் நுழைகிற இடைவெளிகள் ஒரு இஞ்சுக்கு ஒன்று, 25.4 மி.மீ. கணக்கில் இருந்தன. இடைவெளிகளுக்கு நடுவே உருளை கிடையாது, எட்டு வடிவத்தில் கெட்டியான இரும்புக் கட்டிகள். பிளாக் செயின் என்று சொல்வார்கள்.

டிராக் சைக்கிள் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சரிவான ஓடுதளத்தில் பந்தயம் விடுவதற்கான வண்டி. பிரேக் இல்லை, ஃப்ரீவீல் இல்லை, ஒரே ஒரு கியர். சக்கரம் சுற்றுகிற வரை பெடலும் சுற்றும், காலை நிறுத்த முடியாது. பின் ஆக்சில் உட்காரும் இடம் பின்பக்கம் திறந்த நீளமான பிளவாக இருக்கும். சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துத்தான் செயினை இறுக்க வேண்டும்.

ஹான்ஸ் ரெனால்ட் என்ற பொறியாளர் புஷ் ரோலர் செயினுக்கு, அதாவது உருளை வைத்த செயினுக்கு, காப்புரிமை வாங்கியது 1880இல். அப்புறம் சாலை வண்டிகள் அரை இஞ்ச் ரோலர் செயினுக்குப் போய்விட்டன. ஆனால் பிரிட்டிஷ் டிராக் வீரர்கள் பலர் 1950கள் வரைகூட ஒரு இஞ்ச் கணக்கை விடவில்லை. முழு பலத்தோடு மிதிக்கும்போது இது இழுபடாது, பல்லை விட்டு எகிறாது என்று நம்பினார்கள். பிளாக் செயினில் உருளை இல்லாததால் கட்டி பல்லின் மேல் உரசிக்கொண்டே உட்காரும், எழும். எண்ணெய் குறைந்தால் இரண்டும் தேயும். இதெல்லாம் தெரிந்தும் அவர்கள் விடாமல் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஃப்ரேமில் பெயர்ப்பட்டை இல்லை. பெடல் அச்சு சுழலும் கூடான பாட்டம் பிராக்கெட்டின் அடியில் நான்கு இலக்க எண் மட்டும். பெயர் இல்லையென்றால் அளவுகளைத்தான் கேட்க வேண்டும், அவை நிறையவே சொல்லும். ஃபோர்க்கின் கால்கள் முழு வட்டக் குழாய்கள். சாலை வண்டிக்கு முட்டை வடிவக் குழாய் வரும், வட்டக் கால் டிராக் வண்டியின் அடையாளம். மட்கார்டு மாட்ட ஓட்டை எங்கேயும் இல்லை. ஆனால் ஃபோர்க் தலையில் முன் பிரேக்குக்கு ஒரு ஓட்டை போட்டிருந்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கிளப் வீரர்கள் பந்தய வண்டியிலேயே மைதானம் வரை வருவார்கள். பந்தயச் சக்கரங்களை முன் ஆக்சிலின் இரு பக்கமும் தாங்கியில் மாட்டிக்கொண்டு ஓட்டி வந்து, அங்கே சக்கரத்தை மாற்றி பிரேக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டியில் இறங்குவார்கள். லண்டனில் 1891இல் கட்டப்பட்டு, 1948 ஒலிம்பிக்கின் டிராக் போட்டிகள் நடந்த ஹெர்ன் ஹில் மாதிரியான இடங்களுக்கு அப்படித்தான் போனார்கள். இந்த ஓட்டையும் அந்த வகையைச் சேர்ந்தது.

சீட் குழாய்க்குள் 27.2 மி.மீ. சீட் போஸ்ட் சிக்காமல் இறங்கியது. 28.6 மி.மீ. வெளிவிட்டக் குழாயில் அது இறங்குகிறது என்றால் குழாயின் சுவர் மெல்லியது, நல்ல இரும்பு. பச்சைப் பெயின்ட்டை எடுத்தபோது சீட் குழாயின் மேற்பகுதியில் பாதி அழிந்த ஒரு ஒட்டுப்படம் வெளிவந்தது. ‘531’ என்ற எண்ணில் 5 முழுதாகவும் 3 பாதியாகவும் இருந்தன. ரெனால்ட்ஸ் என்ற குழாய் நிறுவனத்தின் 531 குழாய் 1935இல்தான் வந்தது, ஆகவே வண்டி அதற்குப் பிந்தையது. பின் ஆக்சில் இடைவெளி 110 மி.மீ., இன்றைய டிராக் ஹப்புக்கு 120 வேண்டும். பின் சக்கரத்தில் 40 கம்பி, முன் சக்கரத்தில் 32. இந்த 40க்கு 32 என்பது பழைய பிரிட்டிஷ் வழக்கம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 1930களின் கடைசியிலிருந்து 1950களின் தொடக்கத்துக்குள் என்று சொல்லலாம். அதற்கு மேல் குறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை, குறுக்கவும் மாட்டேன். பெயர் இல்லாத ஃப்ரேமுக்குப் புகழ்பெற்ற பெயர் ஒட்டுகிற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

சரி, இனி முக்கியமான முடிவு. இந்த வண்டியை அரை இஞ்ச் செயினுக்கு மாற்றுவது சுலபம். பின் ஹப்பில் பல்சக்கரம் ஏறும் மரை 1.37 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 24 சுற்று. இன்று கிடைக்கிற டிராக் பல்சக்கரமே அதில் ஏறிவிடும். கிராங்க், அதாவது பெடல் மாட்டும் கை, பி.எஸ்.ஏ. நிறுவனத்துடையது, அதற்கு அரை இஞ்ச் முன் பல்சக்கரமும் தேடினால் அகப்படும். பின் பல்சக்கரம், முன் பல்சக்கரம், புதுச் செயின் என்று மூன்று பொருள் மாற்றினால் ஒரே வாரத்தில் வண்டி ஓடும். தெரிந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பழைய பல்சக்கரங்களை அப்படியே வைத்துப் புதுச் செயினை மட்டும் ஓட்டலாமே என்றும் ஒருவர் கேட்டார். அது ஆகாது. பிளாக்கின் இரண்டு ரிவெட்டுக்கு நடுவே உள்ள தூரமும், அங்கிருந்து அடுத்த பிளாக் வரை உள்ள தூரமும் சமம் இல்லை. அரை இஞ்ச் செயின் அந்தப் பற்களில் ஒழுங்காக உட்காராது, அகலமும் ஒத்துவராது. பழையது 3/16 இஞ்ச், இன்றைய டிராக் செயின் 1/8.

நான் மாற்றவில்லை. காரணம் முன் பல்சக்கரத்தின் பல்லை எண்ணியபோது கிடைத்தது. முன்னால் 24, பின்னால் 7. 27 இஞ்ச் சக்கரத்துக்கு 24ஐ 7ஆல் வகுத்துப் பெருக்கினால் 92.6 கியர் இஞ்ச். பெடலை நேராகச் சக்கரத்திலேயே மாட்டினால் அதே தூரம் போக அந்தச் சக்கரத்துக்கு வேண்டிய விட்டம் அது. அரை இஞ்சில் 48க்கு 14 போட்டால் அதே கியர்தான். ஆனால் ஒரு பல்லைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். அரை இஞ்சில் 47 போட்டால் 90.6, 49 போட்டால் 94.5, ஏறக்குறைய இரண்டு இரண்டாக நகரும். ஒரு இஞ்சில் 23 போட்டால் 88.7, 25 போட்டால் 96.4, ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு இஞ்ச் தாண்டல். 92.6க்கும் 96.4க்கும் நடுவில் ஒன்று வேண்டுமென்றால் அந்த வீரர் பின் பல்சக்கரத்தையும் மாற்றிக் கணக்குப் போட வேண்டும், அல்லது தன் காலைப் பழக்க வேண்டும். இந்த வண்டியை ஓட்டியவர் இருக்கிற கியருக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவர். அந்தப் பெரிய இடைவெளிப் பற்களை எடுத்துவிட்டால் இதே குழாய்கள் இருந்தாலும் இந்த வண்டி இருக்காது என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கே முடிவு செய்தேன். தேட எவ்வளவு நாள் ஆனாலும் ஒரு இஞ்ச்தான்.

ஆனது பதினான்கு மாதம்.

முதலில் கிடைக்காமல் அலைக்கழித்தது பின் பல்சக்கரம். ஹப்பிலிருந்த ஏழு பல்லும் கொக்கி மாதிரி ஒரு பக்கமாக வளைந்து தேய்ந்திருந்தன. அதைக் கழற்றும்போதே ஒரு தவறு செய்தேன். ஃபிக்சட் ஹப்பில் பல்சக்கரத்தின் மரை வலப்பக்கம் இறுகும், அதை வெளியே இருந்து பிடிக்கிற பூட்டு வளையத்தின் மரை நேர் எதிர். பெடலைப் பின்னுக்கு அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போது பல்சக்கரம் கழல முயலும், கழல முயலும் போதெல்லாம் வளையத்தை இன்னும் இறுக்கும். அருமையான ஏற்பாடு. இதெல்லாம் தெரிந்திருந்தும், துருவோடு மல்லுக்கட்டிய அவசரத்தில் வளையத்தை இறுகுகிற திசையிலேயே திருப்பினேன். மூன்று காடிகளில் ஒன்று உடைந்தது. நான்கு நாள் எண்ணெயில் ஊற வைத்து, லேசாகச் சூடு காட்டி, சரியான திசையில் திருப்பியபோது முனகிக்கொண்டே வந்தது. வளையம் போயிற்று, ஹப்பின் மரை தப்பியது. தப்பியது ஹப் என்பதால் எனக்கு நிம்மதி, வளையம் இன்னொன்று கிடைக்கும்.

எட்டாவது மாதத்தில் ‘ஒரு இஞ்ச், ஏழு பல், புதுசு’ என்று ஒருவரிடமிருந்து ஒரு பல்சக்கரம் வாங்கினேன். பல் எல்லாம் கூர்மையாக, நிக்கல் பூச்சு அழியாமல் அழகாக இருந்தது. ஹப்பில் வைத்துத் திருப்பினேன். இரண்டு சுற்று தடையில்லாமல் போனது, மூன்றாவதில் கை கனத்தது. அந்தக் கனத்தை விரலில் உணர்ந்த இடத்தில் நிறுத்தியதுதான் இந்த வேலை முழுவதிலும் நான் செய்த மிக நல்ல காரியம். பல்சக்கரத்தைப் பிடித்துத் திருப்புகிற சங்கிலிச் சாவியைப் போட்டு இழுத்திருந்தால் ஏறியிருக்கும், ஹப்பின் மரையைத் தின்றுகொண்டே ஏறியிருக்கும். வெளியே எடுத்து மரையளவியை வைத்துப் பார்த்தேன், பிரெஞ்சு அளவு. விட்டம் 34.7 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. என் ஹப்போ விட்டம் ஏறக்குறைய 34.8, ஒரு சுற்றுக்கு 1.06 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், இரண்டு சுற்று வரை ஏமாற்றும்.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன், இதைப் படிப்பவர்களுக்கும் உதவும். பிரிட்டிஷ் அளவு பாட்டம் பிராக்கெட்டில் பால்ரஸ் உட்காருகிற இடப்பக்கக் கப்பும் 1.37க்கு 24தான், வலப்பக்கம் இறுகும் மரைதான். பழைய கப் ஒன்றைச் சுத்தம் செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கப் போகிற பல்சக்கரம் அந்தக் கப்பில் விரலாலேயே கடைசி வரை ஏறினால் அது உங்கள் ஹப்பிலும் ஏறும். விலைமதிக்க முடியாத ஹப்பை வைத்துச் சோதனை செய்ய வேண்டாம். பூட்டு வளையத்திலும் இதே சிக்கல் உண்டு. பிரிட்டிஷ் வளையம் 1.29 இஞ்ச், இத்தாலிய நிறுவனமான கம்பக்னோலோவின் ஹப்புக்கு 1.32. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரியான பல்சக்கரம் கடைசியில் வந்தது ஒரு உடைந்த ஹப்போடு ஒட்டிக்கொண்டு. ஹப்பின் விளிம்பு கிழிந்திருந்ததால் யாரும் சீண்டவில்லை. எனக்குத் தேவையானது அதன் மேல் இருந்தது, பூட்டு வளையமும் சேர்த்து.

செயினுக்கு வருகிறேன். டப்பாவில் இருந்த இரண்டு துண்டில் ஒன்றை ஆணியில் தொங்கவிட்டு அளந்தால் 12 இஞ்ச் இருக்க வேண்டிய இடத்தில் 12 இஞ்சும் ஒரு நூலும், அதாவது 1/8 இஞ்ச் கூடுதல். ஒரு சதவீதத்துக்கு மேல் தேய்ந்தது, தூக்கிப் போட வேண்டியதுதான். இன்னொரு துண்டு 12 இஞ்சுக்கு 12 இஞ்சே இருந்தது, நீளம் 29 இஞ்ச். எனக்கு 47 வேண்டும். நல்லதையும் தேய்ந்ததையும் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் பற்களின் மேல் விழும் பாரம் மாறிக்கொண்டே இருக்கும், தேய்ந்த துண்டு புதுப் பல்லைக் கெடுக்கும். ஆகவே இன்னொரு பாதித் துண்டுக்காக ஐந்து மாதம். கிடைத்ததும் இரண்டையும் மண்ணெண்ணெயில் போட்டு, ஒவ்வொரு பிளாக்கையும் விரலால் முன்னும் பின்னும் மடக்கி, உள்ளே இருந்த கறுப்புக் கசடு கரைந்து வருகிற வரை தண்ணீரை மாற்றுவது போல மண்ணெண்ணெயை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஏழாவது முறை தெளிவாக வந்தது. துருவை எடுக்கிற அமிலம் எதையும் செயினுக்குக் காட்டாதீர்கள். கடினமாக்கிய இரும்புக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்குகிற மாதிரி ஆக்கிவிடும், வெளியே பளபளப்பாக இருக்கும், பாரம் விழும்போது செயினின் பின் உடையும். பிரேக் இல்லாத வண்டியில் செயின் அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேறு வழியே இல்லை.

கிராங்க்கை அச்சோடு பிணைப்பது காட்டர் பின், ஒரு பக்கம் சாய்வாகத் தட்டையான ஆணி. வலது பக்கப் பின் வைஸில் வைத்து அழுத்தியதும் டப்பென்று சத்தம் போட்டு வந்துவிட்டது. இடதுபக்கம் யாரோ முன்பே சுத்தியலால் அடித்துத் தலையைப் பரத்தியிருந்தார்கள், அது வளைந்து நின்றது. துளை போட்டுத்தான் எடுத்தேன், முதலில் 4, அப்புறம் 6, கடைசியில் 8 மி.மீ. துளை பக்கவாட்டில் விலகினால் கிராங்க்கின் ஓட்டையே போய்விடும் என்பதால் ஒரு மாலை முழுக்க அதற்கே போனது. புதுப் பின் 9.5 மி.மீ. புதுப் பின்னை அப்படியே அடித்து ஏற்றுகிறவர்கள் உண்டு, தயவு செய்து வேண்டாம். அதன் சாய்ந்த தட்டைப் பகுதி உங்கள் அச்சின் தட்டைப் பகுதியோடு முழுதாகப் படிய வேண்டும். மார்க்கர் மையைத் தடவி உள்ளே தள்ளி வெளியே எடுத்தால் எந்த இடத்தில் மை அழிந்திருக்கிறதோ அங்கே மட்டும்தான் தொடுகிறது. என்னுடையது முதலில் ஒரு மூலையில் மட்டும் தொட்டது. நுண் அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி மை, மறுபடி இரண்டு இழுப்பு. பதினோராவது முறை முழுப் பரப்பிலும் மை அழிந்தது. இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும், இல்லையென்றால் இரண்டு காலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

பாட்டம் பிராக்கெட்டுக்குப் பக்கத்துக்குப் பதினொன்று, கால் இஞ்ச் பால்ரஸ், எல்லாம் புதுசு. கப்பும் அச்சும் பழையவையே. ஃப்ரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க, பின் பிளவின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்கப் பிளவுக்குக் கொண்டு வந்து, சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்தேன். 2 மி.மீ. வித்தியாசம், அதாவது 1 மி.மீ. விலகல். அதைத் தொடவில்லை. 110ஐ 120 ஆக விரிக்கவும் இல்லை.

சக்கரத்தில்தான் மனம் உடைந்தது. பின் ரிம்மில் கம்பி ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை விரிசல், ஒன்றல்ல, ஒன்பது. டயரைப் பசையால் ஒட்டுகிற 40 ஓட்டை ட்யூபுலர் ரிம் இன்று தேடிக் கிடைக்கிற பொருள் இல்லை. அந்தப் பழைய சக்கரத்தில் கம்பிகள் ஒன்றையொன்று கடக்கிற ஒவ்வொரு இடத்திலும் மெல்லிய கம்பியைச் சுற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். சுற்று ஒன்றோடொன்று ஏறாமல், எல்லாம் ஆறு ஆறு சுற்று. யாரோ ஒருவர் நிதானமாக உட்கார்ந்து செய்த வேலை. ரிம்மை மாற்ற வேண்டுமென்றால் அத்தனையையும் வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு பக்கமும் படம் எடுத்து வைத்தேன், ஒரு கட்டு மட்டும் வெட்டாமல் கம்பியோடு எடுத்துப் பத்திரப்படுத்தினேன்.

இப்படிக் கட்டினால் சக்கரம் விறைப்பாகும் என்று அன்று நம்பினார்கள். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் பிற்காலத்தில் அளந்து பார்த்து, விறைப்பில் வித்தியாசம் இல்லை என்று காட்டிவிட்டார். ஆனாலும் ஒரு கம்பி அறுந்தால் அது தனியாகத் தொங்கி ஃபோர்க்கில் மாட்டாமல் இந்தக் கட்டு பிடித்து வைக்கும். அதனால் புதுச் சக்கரத்திலும் கட்டினேன். 40 கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் நான்கு கம்பியைக் கடக்கும், 32இல் மூன்றை. டிராக் ஹப்பில் இரண்டு பக்கமும் ஒரே சாய்வு என்பதால் இழுவிசை இரு பக்கமும் சமமாக வரும். கோட்டம் எடுப்பது சுகமான வேலை, தட்டினால் எல்லாக் கம்பியும் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் ஒலிக்கும். ஸ்டெயின்லெஸ் கம்பியில் ஈயம் லேசில் பிடிக்காது, ஆகவே துத்தநாகப் பூச்சுக் கம்பி. ரிம் பழைய இருப்பிலிருந்து ஜோடியாக வந்தது. அதில் காய்ந்து கிடந்த அரக்குப் பசையைச் ஸ்பிரிட் தோய்த்த துணியால் ஊறவைத்து எடுத்தேன், சுரண்டவில்லை.

பெயின்ட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பச்சைக்குக் கீழே கருநீலம் இருந்தது, குழாய்களை இணைக்கிற உறைகளான லக்குகளின் ஓரம் முழுக்கத் தங்க நிறத்தில் ஒரு மெல்லிய கோடு, கையால் இழுத்தது. பச்சையைக் கரைக்கிற திரவம் நீலத்தையும் கரைக்கிறதா என்று பாட்டம் பிராக்கெட்டின் அடியில் பார்த்துக்கொண்டு, பஞ்சில் தொட்டுத் தொட்டு ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவு. நீலம் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சியது, மீதி வெறும் இரும்பு. முழுதாக அடித்துப் புதுசாக்கவில்லை. வெறும் இரும்புக்கு மெழுகு தடவினேன், அவ்வளவுதான். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அந்த அரை 3ஐயும் தங்கக் கோட்டையும் நானே அழித்திருப்பேன்.

முதல் ஓட்டம் ஒரு காலி ஓடுதளத்தில், அதிகாலையில். செயினை நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. ஆடுகிற அளவுக்குத்தான் இறுக்கியிருந்தேன். முதல் பத்துச் சுற்றில் டக் டக் என்று ஒரு சத்தம், ஒவ்வொரு பிளாக்கும் பல்லில் உட்காருகிற சத்தம். வேகம் கூடக் கூட அது ஒரே முணுமுணுப்பாக மாறியது. 92.6 கியர், நின்ற இடத்திலிருந்து கிளப்பத் தொடை கனக்கிறது, கிளம்பிவிட்டால் வண்டி தானாக இழுக்கிறது. பன்னிரண்டு சுற்றுக்குப் பிறகு நிறுத்தி, பின் சக்கரத்தைக் கால் இஞ்ச் பின்னுக்கு இழுத்து மறுபடி இறுக்கினேன், செயினுக்கு இன்னொரு சொட்டு எண்ணெய் விட்டேன், இன்னும் எட்டுச் சுற்று ஓட்டினேன்.

தேய்ந்த பழைய பல்சக்கரம், காடி உடைந்த வளையம், கட்டு வெட்டாமல் எடுத்த அந்த ஜோடிக் கம்பி, மூன்றும் அதே தகர டப்பாவில் இருக்கின்றன. இப்போது தேடிக்கொண்டிருப்பது 23 பல் முன் பல்சக்கரம்.